மாட்டுக்கு ஊசி போட்டு மரபணு ஏற்றுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மரபணு மாற்றிய பசுக்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் நிறையப் படித்துத்தான் எழுதியிருக்கிறார், அவரைக் குறை சொல்ல வரவில்லை. எனக்கு உறுத்தியது மேலே போட்டிருந்த படம். ஒரு பசு நிற்கிறது. வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் அதன் தோளில் முழங்கை நீள சிரிஞ்சை ஏற்றுகிறார். சிரிஞ்சுக்குள் முறுக்கிய ஏணி மாதிரி டி.என்.ஏ. மின்னுகிறது.

கால்நடைச் செல்களை வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் 26 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த 26 வருடத்தில் உயிருள்ள மாடு ஒன்றை அங்கே பார்த்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. நான் பார்த்த மாடெல்லாம் உள்ளங்கை அகல பிளாஸ்டிக் தட்டில், இளஞ்சிவப்புத் திரவத்துக்கு அடியில் ஒட்டிக் கிடந்தவைதான்.

படத்தில் இருப்பதுபோல் தோளில் ஏற்றினால் என்ன ஆகும்? அந்த இடத்துத் தசையில் சில செல்கள் டி.என்.ஏ.வை வாங்கிக்கொள்ளும். சில தடுப்பூசிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆனால் அது மடிக்குப் போய்ச் சேராது, அந்தப் பசு ஈனும் கன்றுக்கும் போகாது. உடம்பு முழுக்க, வம்சம் முழுக்க ஒரு மரபணு இருக்க வேண்டுமென்றால், அந்த உடம்பு ஒற்றைச் செல்லாக இருக்கும்போதே அது உள்ளே போயாக வேண்டும். அதற்குப் பெருவழி இரண்டு. கருவுற்ற முட்டைக்குள்ளேயே வைப்பது ஒன்று. தட்டில் வளரும் சாதாரணச் செல்லில் வைத்து, சரியாக வந்ததைப் பொறுக்கி எடுத்து, டி.என்.ஏ. அடங்கிய அதன் மையமான உட்கருவை, உட்கரு நீக்கிய வேறொரு முட்டைக்குள் நுழைத்து, அதைக் கன்றாக்குவது இன்னொன்று.

முட்டை வழிதான் முதலில் வந்தது. எலி முட்டை கண்ணாடி மாதிரி தெளிவு. மாட்டு முட்டை உள்ளே கொழுப்புத் துளிகள் நிறைந்து கறுத்துக் கிடக்கும். உட்கரு எங்கே இருக்கிறது, ஊசியை எங்கே இறக்குவது என்றே தெரியாது. 1980களில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். முட்டைகளை சென்ட்ரிஃப்யூஜில் போட்டு வேகமாகச் சுற்றுவது, அவ்வளவுதான். கொழுப்பெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், உட்கரு கண்ணுக்குத் தெரியும். அப்படிச் சுழன்ற முட்டை பிழைத்துக் கன்றாகவும் ஆகிறது என்று முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. எங்கள் கூடத்தில் இந்த ஊசி வேலை செய்த அக்கா ஒருவர் இருந்தார். கண்ணாடிக் குழாயைச் சூட்டில் இழுத்து முனை செய்வார். முடியை ஐம்பதாகப் பிளந்தால் என்ன கனமோ அவ்வளவுதான் அந்த முனை. அவர் உட்கார்ந்துவிட்டால் யாரும் கதவைச் சாத்தக் கூடாது. மேஜை அதிர்ந்தால் முனை போய்விடும்.

நெதர்லாந்தில் 1990 டிசம்பரில் பிறந்த ஹெர்மன் என்ற காளை இந்த வழியில் வந்ததுதான். மனிதத் தாய்ப்பாலில் இருக்கும் லாக்டோஃபெரின் என்ற புரதத்துக்கான மரபணுவை வைத்திருந்தார்கள். 21 சினைகள் உண்டாகி, 19 கன்றுகள் பிறந்து, இரண்டில்தான் மரபணு ஒட்டியிருந்தது. இது பிறந்தவற்றின் கணக்கு. ஊசி போட்டு வளராமலே போன முட்டைகளையும் சேர்த்தால், மாட்டில் இந்த வழியில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. பேர் வாங்கிய ஹெர்மனோ காளை, பாலுக்கு அதன் மகள்கள் வளரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை இனவிருத்திக்கு விடலாமா என்று அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே விவாதம் நடந்தது. மூட்டு நோய் வந்து 2004இல் கருணைக்கொலை செய்தார்கள். பாடம் செய்த உடல் லெய்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என் வேலை இரண்டாவது வழியில். கன்றுக்கருவின் தோலிலிருந்து எடுத்த, ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்கள். இரு முனையும் கூராக நீண்டு, ஒரே பக்கம் சாய்ந்து, ஓடும் தண்ணீரில் மீன் கூட்டம் திரும்பி நிற்பதுபோல் தட்டின் அடியில் வரிசை கட்டி நிற்கும். ஒட்டியிருப்பதைப் பிரிக்கும் டிரிப்சின் என்ற நொதியை ஊற்றிக் கழற்றி, கழுவி, எண்ணி, குவெட் என்கிற சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் விடுவோம். விரல் தடிமன்தான் இருக்கும், உள்ளே இரண்டு சுவரிலும் அலுமினியத் தகடு. டி.என்.ஏ.வைக் கலந்து கருவியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் சில மில்லி விநாடிக்கு மின்சாரம் பாயும். செல்லின் சவ்வில் நுண்ணிய துளைகள் திறக்கும், டி.என்.ஏ. புகும், துளைகள் மூடிக்கொள்ளும். எலக்ட்ரோபொரேஷன் என்று பெயர். 1982இல் நியூமன் குழுவினர் எலிச் செல்களில் இதைச் செய்து காட்டினார்கள்.

புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும். டி.என்.ஏ.வில் துளி உப்பு மிச்சமிருந்தாலோ, ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டாலோ, துளைக்குப் பதில் தீப்பொறிதான் வரும். 'டப்' என்று ஒரு சத்தம், மூன்று வாரம் வளர்த்தது ஒரு நொடியில் போய்விடும். எல்லாம் சரியாக நடந்தாலும் டப்பாவின் மேலே வெள்ளையாக ஒரு படலம் மிதக்கும், பாலாடை மாதிரி. அத்தனையும் செத்த செல்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மூத்தவர், "படலமே வரலைன்னாதான் கவலைப்படணும். கரண்ட் போகலைன்னு அர்த்தம். போய் அடுத்ததை எடும்மா" என்றார். மின்னழுத்தத்தைக் குறைத்தால் எல்லாச் செல்லும் பிழைக்கும், எதற்குள்ளும் எதுவும் போகாது. கூட்டினால் எல்லாவற்றுக்குள்ளும் போகும், எதுவும் பிழைக்காது. பாதி சாகிற அளவில் வைத்துக்கொண்டு மிச்சத்தோடு வேலை பார்ப்பதுதான் வழக்கம்.

வேறு வழிகளும் உண்டு. டி.என்.ஏ.வைக் கொழுப்பு உருண்டையில் பொதிந்து செல்லுக்கு ஊட்டும் லிப்போஃபெக்‌ஷன் கைக்கு சுளுவு. ஆனால் எங்கள் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் அதற்கு அவ்வளவாக மசியவில்லை. வைரஸ் வழியும் உண்டு. தன் மரபணுவை அடுத்தவர் செல்லில் புகுத்திவிடுவதுதானே வைரஸின் பிழைப்பு. அதன் சொந்தச் சரக்கைக் கழற்றிவிட்டு நம் சரக்கை ஏற்றி அனுப்புவார்கள். எளிய ரெட்ரோவைரஸ்களால் உட்கருச் சவ்வைத் தாண்ட முடியாது. அந்தச் சவ்வு கரைந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் நுழையும். கருவுறுவதற்குச் சற்று முன், முதிர்ந்த முட்டையில் அந்தச் சவ்வு இருக்காது. 1998இல் அமெரிக்கக் குழு ஒன்று சரியாக அந்தச் சமயத்தில் முட்டைக்குள் வைரஸை அனுப்பி, அப்புறம் கருவுறச் செய்து, கன்று பெற்றது. கெட்டிக்கார வேலை. ஒரே குறை, வைரஸின் பெட்டி சிறியது, பெரிய மரபணு அதில் அடங்காது.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயமே. மரபணு உள்ளே போனதா என்று பார்க்க, ஜெல்லிமீனிடமிருந்து எடுத்த பச்சை ஒளிரும் புரதத்தின் மரபணுவையும் கூடவே கட்டி அனுப்புவதுண்டு. மின்சாரம் கொடுத்த மறுநாள் இருட்டறையில் நீல ஒளியைப் போட்டுப் பார்த்தால், தட்டு முழுக்க அங்கங்கே பச்சைப் புள்ளி. முதல் தடவை பார்த்தபோது நான் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அடுத்த வாரம் அதே தட்டில் பாதிகூட இல்லை. அதற்கடுத்த வாரம் தேடிப் பிடித்தால் இரண்டு மூன்று. மற்றவை சாகவில்லை, நன்றாகத்தான் இருந்தன. வந்த டி.என்.ஏ.தான் செல் பிரியப் பிரியக் கரைந்து போயிருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளி திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போவதற்கும் குடும்பத்தில் ஒருவராகி ரேஷன் அட்டையில் பேர் சேர்வதற்கும் உள்ள வித்தியாசம் இது. மாட்டின் 30 ஜோடிக் குரோமோசோம்களில், சுமார் 270 கோடி டி.என்.ஏ. எழுத்துகளுக்கு நடுவே, எங்கோ ஓரிடத்தில் அந்தத் துண்டு தைக்கப்பட்டால்தான் நிலைக்கும். அப்படி நிலைப்பது ஆயிரத்தில் ஒரு செல்லோ, அதற்கும் குறைவோ.

அந்த ஒன்றைப் பிடிக்க, ஜி-418 என்ற நச்சு மருந்தைத் தட்டில் ஊற்றுவோம். அதைத் தாங்கும் மரபணுவையும் ஏற்கெனவே சேர்த்து அனுப்பியிருப்போம், அதனால் தைத்துக்கொண்டவை மட்டும் பிழைக்கும். பத்து நாளில் தட்டு காலியாகி, அங்கங்கே சிறு சிறு திட்டு நிற்கும். ஒவ்வொரு திட்டும் ஒரு செல்லின் வம்சம். திட்டைச் சுற்றி கிரீஸ் தடவிய குட்டிக் கண்ணாடி வளையத்தை வைத்து, உள்ளே ஒரு சொட்டு டிரிப்சின் விட்டு, கழன்றதை உறிஞ்சி வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். கை நடுங்கினால் பக்கத்துத் திட்டோடு கலந்துவிடும். இதற்குள் செல்களுக்கும் வயதாகிவிடும். உடம்பிலிருந்து எடுத்த செல் இத்தனை தடவைதான் பிரியும் என்று ஓர் எல்லை இருக்கிறது. ஒற்றைச் செல்லை ஆயிரக்கணக்காகப் பெருக்கி, சோதனைக்குக் கொஞ்சம் கொடுத்து, மிச்சத்தை திரவ நைட்ரஜனில் உறைய வைப்பதற்குள், பல திட்டுகள் பரந்து தட்டையாகி, வேலை நிறுத்தம் செய்தமாதிரி நின்றுவிடும்.

இந்த வழியில் 1998இல் ஜார்ஜ், சார்லி என்ற கன்றுகள் பிறந்தன. முட்டை வழியில் கன்று பிறந்த பிறகுதான் விஷயம் தெரியும். இதில் தட்டிலேயே சோதித்துவிட்டுப் போகலாம். அதற்கும் ஒரு விலை உண்டு. இப்படி உட்கரு மாற்றிய கருக்களில் பத்தில் ஒன்று உயிரோடு பிறப்பதே அரிது, அளவுக்கு மீறிப் பெரிதாகிப் பிறப்பிலேயே இறந்த கன்றுகளும் உண்டு. உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கள் கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். செல்கள் வளரும் அந்த இளஞ்சிவப்புத் திரவத்தில் பத்தில் ஒரு பங்கு சீரம். பசு வயிற்றில் இருந்த கன்றுக்கருவின் ரத்தத்திலிருந்து எடுப்பது. அந்தக் கருவுக்குத் தாயிடமிருந்து வைரஸ் தொற்றியிருந்தால் அது சீரத்திலும் வரும். மாடுகளுக்குக் கழிச்சலும் கருச்சிதைவும் உண்டாக்கும் பி.வி.டி. வைரஸ் இதில் பேர்போனது. அதில் ஒரு வகை செல்லைக் கொல்லாது. செல் பார்க்க அழகாக இருக்கும், நன்றாகப் பிரியும், உள்ளே வைரஸ் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். நான்கு மாதம் உழைத்துப் பொறுக்கி உறைய வைத்த 31 குப்பிகளை, கரு செய்ய அனுப்பும் முன் சோதித்தபோது, அத்தனையிலும் இருந்தது. எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் வேகவைத்துக் கொட்டியது நான்தான். சீரம் வந்த பெட்டியில் சான்றிதழ் ஒட்டியிருந்தது. அதை நம்பி நாங்கள் எங்கள் பங்குக்குச் சோதிக்காமல் விட்டோம். எங்கள் மரபணு உள்ளே போனதா என்று ஆறு தடவை பார்த்திருந்தோம். வேறென்ன உள்ளே வந்தது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

'கிரிஸ்பர் வந்துவிட்டது, இனி எல்லாம் துல்லியம்' என்று கட்டுரை முடிகிறது. கிரிஸ்பர் என்பது டி.என்.ஏ.வை வெட்டும் கத்தரி. கத்தரி துல்லியம்தான், ஒத்துக்கொள்கிறேன். குறித்த இடத்தில் வெட்டும். ஆனால் அந்தக் கத்தரியும் செல்லுக்குள் போக மின்சாரமோ ஊசியோ கொழுப்பு உருண்டையோதான் வேண்டும். வெட்டிய இடத்தில் நாம் கொடுத்த துண்டை வைத்துத் தைப்பதும் கத்தரி இல்லை, செல்லின் சொந்தப் பழுதுபார்க்கும் ஏற்பாடு. அது நம் பேச்சைக் கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கொம்பில்லாத காளைகள் கதை இதற்குச் சரியான உதாரணம். கறவை இனக் கன்றுகளுக்குக் கொம்புக் குருத்தைச் சுட்டுக் கருக்குவார்கள், பார்க்கச் சகிக்காது. சில இறைச்சி இன மாடுகளுக்கு இயற்கையிலேயே கொம்பு இல்லை. 212 எழுத்து நீளப் பகுதி ஒன்று அவற்றில் இரண்டு முறை வந்திருக்கிறது, ஏறக்குறைய அவ்வளவுதான் வித்தியாசம். டாலென் என்ற, கிரிஸ்பருக்கு மூத்த கத்தரியை வைத்து அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அந்தப் பகுதியைக் கறவை இனச் செல்களில் வைத்து, உட்கரு மாற்றி, கொம்பில்லாத இரண்டு காளைகளைப் பெற்றது. 2016இல் கட்டுரை வந்தது. வேறெங்கும் தவறான வெட்டு விழவில்லை என்று சொன்னார்கள், அது உண்மையும்கூட.

2019இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் அதே காளைகளின் மரபணுத் தொடரை எடுத்து வேறொரு கேள்வியோடு தேடினார்கள். அந்தத் துண்டைப் பாக்டீரியாவில் பெருக்க உதவிய பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ. முழுசாக, இரண்டு ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத் தாங்கும் பாக்டீரிய மரபணுக்களோடு, வெட்டிய இடத்திலேயே தைபட்டுக் கிடந்தது. சாமான் கொண்டு வந்த வண்டியும் சாமானோடு வீட்டுக்குள் நின்றுவிட்டது. அந்தக் காளைகளில் ஒன்றுக்குப் பிறந்த ஆறு கன்றுகளில் நான்குக்கு அது போயிருந்தது. கன்றுகள் ஆரோக்கியமாகத்தான் இருந்தன, மாட்டுச் செல்லுக்குள் அந்தப் பாக்டீரிய மரபணு வேலை செய்யும் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் மூன்று வருடம் யாரும் அதைப் பார்க்கவில்லை. தவறான வெட்டைத் தேடினார்களே தவிர, வண்டியைத் தேடவில்லை. படித்தபோது அந்த 31 குப்பிகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

இதனால் இந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023இல் வந்த ஒரு செய்தி எனக்குத் தனிப்பட்ட முறையில் ஆறுதல். எங்கள் நான்கு மாதத்தைத் தின்ற அதே பி.வி.டி. வைரஸ், மாட்டுச் செல்லுக்குள் நுழைய சி.டி.-46 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியில் ஆறே ஆறு அமினோ அமிலங்களைக் கிரிஸ்பரால் மாற்றி, கிர் இனக் கன்று ஒன்றைப் பெற்றார்கள். ஜிஞ்சர் என்று பெயர். வைரஸை உமிழ்ந்துகொண்டிருந்த கன்றோடு ஒரு வாரம் ஒரே கொட்டிலில் விட்டும் அதற்கு நோய்க்குறிகள் குறைவாகவே தெரிந்தன, ரத்த வெள்ளை அணுக்களில் வைரஸ் தொற்றவில்லை. வெளியிலிருந்து முழு மரபணு எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை, இருந்ததில் ஒரு சிறு திருத்தம் மட்டும். இது ஒரே ஒரு கன்று என்பதையும் மறக்கக் கூடாது.

உங்கள் கட்டுரையில் 'மரபணு வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது' என்ற வரி மூன்று இடத்தில் வருகிறது. செலுத்துவது மறுநாளே தெரிந்துவிடும், பச்சையாக மின்னும். அடுத்த முறை உங்கள் நிருபர் இப்படி ஓர் ஆய்வாளரைச் சந்தித்தால், எத்தனை பிரதிகள் உட்கார்ந்திருக்கின்றன, எந்தக் குரோமோசோமில், பிளாஸ்மிட்டைத் தேடிப் பார்த்தீர்களா, எத்தனை சினை வைத்து எத்தனை கன்று பிழைத்தது என்று கேட்கச் சொல்லுங்கள். நல்ல ஆய்வாளர் கோபித்துக்கொள்ள மாட்டார், உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுவார்.

அப்புறம் அந்தப் படம். இனிமேல் பசுவையும் சிரிஞ்சையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு குவெட் போதும். மேலே மெல்லிய வெள்ளைப் படலம் இருக்கட்டும். எங்கள் கூடத்தில் அதன் மூடி நீல நிறம், வரைபவருக்குத் தேவைப்படலாம் என்று சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செல் வளர்ப்புக்கூட உதவியாளர்,
தங்கள் நீண்ட நாள் வாசகி